மது: ஆம்

பிணவறை அலுவலக மடிக்கணினியில் சசிகலா நிரப்பிய கட்டம் மறுபடியும் காலியாக இருந்தது.

பதினேழாம் வரி. சென்னப்பன், ஏரியூர், வயது முப்பத்தெட்டு, தொப்பூர் இறக்கத்தில் நின்ற லாரி மீது மோதிச் சாவு. தலைக்கவசம்: ஆம். வெளிச்சம்: மங்கல். மது என்ற கட்டத்தில் மட்டும் எதுவும் இல்லை. அவள் ‘ஆம்’ என்று தட்டிச் சேமித்தாள்.

ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் விபத்துச் சாவுப் பட்டியல் மேலிடத்திலிருந்து திரும்பி வந்துவிடும். அதனால், ரத்தப் பரிசோதனை முடிவே வராத நாற்பத்து மூன்று பேருக்கும் போன மாதம் ஒரே மூச்சில் ‘ஆம்’ போட்டிருந்தாள். அந்தப் பட்டியல் காவல் நிலையம் வரை போய்விட்டது. இன்று மதியம் சென்னப்பனின் மனைவி அமுதவல்லி வந்து நின்றாள்.

“எங்க வூட்டுக்காரரு தீர்த்தமலைக்கு விரதம் இருந்தாருங்க. தண்ணி வாசமே அவருக்கு ஆகாதுங்க. எம்புள்ளைய குடிகாரன் மவன்னு கூப்புடறாங்க. யாருங்க இத எழுதுனது?”

“தெரியலைங்க” என்றிருந்தாள் சசிகலா.

பிணவறை உதவியாளர் மாதவராஜ் சாவியை ஆட்டியபடி எட்டிப் பார்த்தார். “கெளம்பலீங்களா மேடம்? செத்தவங்க எங்கயும் ஓடிப்போயிர மாட்டாங்க.”

“பத்து நிமிசம்ணே. டாக்டரு போன மாசப் பட்டியல மறுபடி கேட்டிருக்காரு, காலையில குடுக்கணும்.”

அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்து மறைய, வெளியே பொழுது இருட்டிக்கொண்டு வர, கழுவிவிட்ட தரையின் பினாயில் வாடையும் ஈரக் குளிரும் கதவிடுக்கு வழியாக மெல்ல ஊர்ந்து வந்து அவள் கணுக்காலைத் தொட்டன.

திரையைப் பார்த்தாள். பதினேழு காலி. பதினெட்டும். உருட்ட உருட்ட, அவள் போட்ட ‘ஆம்’ ஒன்றுகூட இல்லை.

‘தெரியாது’ என்று அடித்தால் போதும். அதுதான் உண்மை. ஆனால் போன மாதம் ஏன் அப்படி எழுதவில்லை என்று கேட்பார்கள். வேலை போய்விடும்.

‘ஆம்’ என்றே அடித்தாள்.

விளக்கு அணைந்தது. மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும்.

கதவருகே ஒருவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பின்னாலும் ஆட்கள். நெடுஞ்சாலையில் போலீஸ் மறித்து ஊதச் சொல்லும்போது வண்டிக்காரர்கள் நிற்பதுபோல, ஒரே வரிசை.

முதல் ஆள் அவள் முகத்தருகே குனிந்தான். உடைந்த தலைக்கவசம். தொங்கும் தாடை.

ஊதினான்.

குளிர்ந்த மூச்சு. மண். ரத்தம். சாராய வாடை துளியும் இல்லை.

அவன் விலகினான்.

அடுத்து நின்றது பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. ‘ஆம்’ போட்டபோது யாருடைய வயதையும் சசிகலா பார்த்திருக்கவில்லை. சிறுமி மேசையைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தி எக்கி, வாயைத் திறந்தாள்.