ஏழிலிருந்து எட்டு வரை

எஸ்றாவைக் கொசு கடிக்கவில்லை.

டார்லின் அதைக் கவனித்தது அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. வீட்டுக்குப் பின்னால் பத்தடி தள்ளிப் பாளையங்கால்வாய் ஓடியது. மழை தொடங்கிவிட்டால் ஆகாயத்தாமரை அழுகும் வாடையும் சேற்று வாடையும் பின் வராந்தாவின் கிரில் கம்பிகளுக்குள்ளே வந்து தங்கிவிடும், அவற்றின் கூடவே கொசுவும் புகை மாதிரி வரும். அவள் சேலையைக் கணுக்கால்வரை இழுத்து மூடிக்கொண்டு சொறிந்துகொண்டே பேசினாள். எதிர் நாற்காலியில் எஸ்றா அரைக்கைச் சட்டையோடு இரண்டு கைகளையும் மடியில் வைத்து, ஒரு தடவைகூட அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உங்கள மட்டும் கடிக்கலையே," என்றாள்.

"உன் ரத்தம் இனிப்பா இருக்கும் போல."

இருவரும் சிரித்தார்கள். அவன் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்ததால் அவள் கொசுவை மறந்துவிட்டாள்.

கல்யாணமாகி ஐந்து வருஷம். டார்லின் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். எஸ்றா பம்புசெட் கம்பெனி ஒன்றின் விற்பனைக்காரன், பைக்கில் ஊர் ஊராகப் போகிற வேலை. போன வருஷம், கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில், குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. பெண். டார்லினுக்கு மயக்கம் தெளிவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவன் அதைப் பற்றிப் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதற்குப் போன் உதவியது. சாப்பிடும்போது அவன் கையில், படுக்கும்போது அவள் முகத்துக்கு நேரே. ஒரு நாள் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, 'லைட்டை அணைங்க' என்று அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவன் ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பிவிட்டு எழுந்து அணைத்தான். அன்றைக்குத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சபையில் தம்பதியர் கூடுகை நடத்துகிற சாலோமி அக்காவிடம் போய்ச் சொன்னாள். அக்கா நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சாயங்காலம் ஏழுலேர்ந்து எட்டு. போன் வேண்டாம், டி.வி. வேண்டாம். மூஞ்சிய மூஞ்சி பாத்து உக்காருங்க. பேச்சு வரலன்னாலும் உக்காருங்க, பைய வரும். ஒண்ணு மட்டும். அந்த நேரத்துல பேசுனத வெளிய எடுத்துவச்சு கேள்வி கேக்கக் கூடாது."

அவன் போன் அவன் மேசை இழுப்பறைக்குள். அவள் போன் அடுக்களையில், இட்லி வைக்கிற ஹாட்பாக்ஸுக்குள். இரண்டும் அணைத்து வைக்கப்படும். முன்னறை விளக்கும் கிடையாது. அடுக்களை ஜன்னலிலிருந்து வருகிற சின்ன பல்பின் வெளிச்சம் மட்டும் வராந்தாத் தரையில் ஒரு துண்டாக விழும். நாற்காலிகளுக்கு அது எட்டாது.

தொடக்கத்தில் கஷ்டமாகத்தான் இருந்தது. எஸ்றா கொட்டாவி விட்டான், காலை ஆட்டினான், மேசைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மழை, வீட்டு ஓனர், தண்ணீர் மோட்டார் என்று ஏதேதோ பேசி எட்டு மணியாக்கினார்கள். ஆனால் சில நாள்களில் அவன் வேறு மாதிரி இருந்தான். அந்த நாள்களில் அவள் டீயை எடுத்துக்கொண்டு வரும்போதே வந்து உட்கார்ந்திருப்பான். குரல் தாழ்ந்திருக்கும். அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டான். அவன் டீ ஆறி ஏடு கட்டிக் கிடக்கும். எட்டு மணிக்கு எழுந்து, "கொஞ்சம் நடந்துட்டு வாரேன்" என்று இருட்டான முன்னறை வழியாகப் போய்விடுவான். பிறகு திரும்பி வந்து சாப்பிடும்போது பழைய எஸ்றா, தட்டுக்குப் பக்கத்தில் போன். வராந்தாவில் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அக்கா சொன்ன விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று அவள் நினைத்தாள். அவளும் பிடித்துக்கொண்டாள்.

குழந்தையைப் பற்றி முதலில் எடுத்தது அவன்தான்.

"கெத்சியா இருந்திருந்தா இப்ப தவழ்ந்திருப்பால்லா," என்றான் ஒரு செவ்வாய்க்கிழமை.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அந்தப் பெயரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எங்கேயும் எழுதியதுமில்லை. ஐந்தாம் மாதத்தில் பஸ்ஸில் போகும்போது மனதுக்குள் வைத்துக்கொண்ட பெயர். தூக்கத்தில் உளறியிருப்பேன் என்று பிறகு தனக்குச் சொல்லிக்கொண்டாள். அப்போது எதுவும் தோன்றவில்லை. அழுதாள், ஒரு வருஷத்து அழுகை. அவன் எழுந்து வந்து தொடவில்லை. எதிரில் உட்கார்ந்து, "அழு, அழு" என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு அவள் அந்த நாள்களுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். எந்த நாள் அப்படி அமையும் என்று கணக்குப் பார்க்கவில்லை. கெத்சியாவுக்கு அவள் சாயலாம், முடி மட்டும் அவனைப் போலச் சுருளாம். இருந்திருந்தால் இப்படிச் சிரித்திருப்பாள், இருந்திருந்தால் இதைப் பிடித்து நின்றிருப்பாள். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் சொன்னான்: "தண்ணி சத்தம் கேட்டாதான் தூங்குதா. நேத்துலேர்ந்து சுவரப் புடிச்சு நடக்கா."

தூங்குதா. நடக்கா. நிகழ்காலம்.

பிள்ளைகளின் நோட்டில் காலப்பிழையைத் திருத்தித் திருத்திப் பழகிய காது. 'இருந்திருந்தா' எங்கே போனது என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அவன் நிறுத்திவிடுவான் என்று தோன்றியது. கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்தே மழை. வராந்தா ஓட்டில் இரைச்சல், கால்வாயில் அதைவிடப் பெரிய இரைச்சல், அடுக்களைச் சுவரில் ஊறல் ஏறிச் சுண்ணாம்பு வாடை. அவள் டீயோடு வந்தபோது அவன் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவள்தான் அதிகம் பேசினாள். எட்டு மணிக்கு எழுந்து, எப்போதும்போல் முன்னறைக்குள் போனான்.

அவள் ஹாட்பாக்ஸைத் திறந்து போனை எடுத்து ஆன் செய்தாள். ஆறு ஐம்பத்தைந்துக்கு எஸ்றா அனுப்பிய செய்தி வந்து விழுந்தது.

'ஏரல்லேர்ந்து கிளம்பிட்டேன். கருங்குளம் தாண்டி மரம் விழுந்து கிடக்கு, வண்டியெல்லாம் நிக்கு. ஒம்பதாவும். இன்னைக்கும் நம்ம நேரம் போச்சு. கோவப்படாத.'

இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் 'இன்னைக்கும்' என்பதில் இருந்த 'ம்' கண்ணில் பட்டது.

முன்னறை இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டாள். யாருமில்லை. தெருக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவள் குளித்துவிட்டு வந்து ஆறரைக்குப் போட்ட தாழ். அப்படியே இருந்தது.

எஸ்றா ஒன்பதே காலுக்கு வந்தான். பைக் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. அந்தச் சத்தம் கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது, அந்த நல்ல நாள்களில் ஒரு நாளும் ஏழு மணிக்கு முன்னால் பைக் சத்தம் கேட்டதில்லை, எட்டுக்குப் பிறகு கேட்டதை அவள் யோசித்ததுமில்லை. நனைந்த ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"போன வெள்ளிக்கிழம எத்தன மணிக்கு வந்தீங்க?"

"எட்டே கால் இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு ஏரல் லைன்லா. எட்டுக்கு முன்னால எங்கன வர முடியுது? வந்து பாத்தா நீ சந்தோசமாத்தான் இருப்ப. தனியா இருக்கிறது உனக்குப் புடிச்சிருக்கு போலன்னு விட்டுட்டேன்."

அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. டாக்டர், கவுன்சிலிங் என்றெல்லாம் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பின் வராந்தா விளக்கைப் போட்டான். எதிர் நாற்காலியின் பிளாஸ்டிக் பின்னலில் தண்ணீர் கோத்து நின்றது. கீழே தரையில் ஒரு சின்னக் குட்டை. கூரை அங்கே ஒழுகுவதில்லை.

"என்ன பேசிச்சு அது?" என்று கேட்டான். குரல் ஏறவில்லை.

"சும்மா பழைய கதைதான்," என்றாள் டார்லின்.

குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன் மறைத்தாள் என்று அவளுக்கே புரியவில்லை. சொல்லிவிட்டால் அது போய்விடும் என்று இருந்தது. எது போய்விடும் என்று யோசிக்கவில்லை.

அன்றைக்கு விளக்கெல்லாம் எரிய, முன்னறையில் பாய் விரித்துப் படுத்தார்கள். விட்டத்தைப் பார்த்துக்கொண்டே எஸ்றா சொன்னான்: "நான் அவ மூஞ்சியப் பாக்கல, டார்லின். துணியில சுத்திக் குடுத்தாங்க. வாங்கி அண்ணன் கையில குடுத்துட்டேன். ஆத்தங்கரைல மண்ணுல வச்சேன்னான். எந்த இடம்னு நான் கேக்கல." அவன் அழுதான். அவள் தொட்டாள். உடம்பு சூடாக இருந்தது. கழுத்தில் கொசு கடித்த தடிப்பு. இவன்தான் எஸ்றா. இவன்தான். ஆனாலும் மனதின் ஒரு ஓரத்தில் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை லீவு கேட்டான், கம்பெனியில் கொடுக்கவில்லை. நாலு மணிக்கே கிளம்பிவிடுவேன் என்றான். கிளம்பினான். ஸ்ரீவைகுண்டத்தில் ரோட்டில் தண்ணீர். ஆறே முக்காலுக்குக் கூப்பிட்டான், ஹெல்மெட்டுக்குள் காற்று இரைந்தது.

"செய்துங்கநல்லூர் தாண்டிட்டேன். அரை மணி நேரம். நீ சாலோமி அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டியா?"

"பையை எடுத்துட்டேன். செருப்பு போட்டுட்டேன்."

"போன வைக்காத. பேசிக்கிட்டே போ. லைன்லயே இரு."

"இருக்கேன்."

எல்லா விளக்கையும் போட்டிருந்தாள். பின்கதவைப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டிருந்தாள். தெருக்கதவின் தாழில் கை வைத்தபோது கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி மெதுவாகி நின்றது. மழைகூட அந்த நேரம் விட்டிருந்தது. ஃபிரிட்ஜின் உறுமல் அடங்கியதும் கால்வாய் வீட்டுக்குள்ளேயே ஓடுவதுபோல் கேட்டது. சேற்று வாடை. அழுகின பச்சை வாடை. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒரு தடவை முனகியது, உட்காருகிறவனுடைய பாரத்தில் முனகுவதுபோல்.

"கரண்ட் போயிட்டு," என்றாள் போனில்.

"பரவால்ல. வெளிய வந்துரு. தெருவுக்கு வந்துரு, டார்லின்."

தாழ் பாதி நகர்ந்தது.

"டார்லின்." பின்னாலிருந்து. அதே தாழ்ந்த குரல், அவசரமில்லாத குரல். "இன்னைக்கு அவளயும் கூட்டிட்டு வந்திருக்கேன்."

அவள் திரும்பவில்லை.

"உன்னத்தான் தேடுதா."

ஈரத் தரையில் உள்ளங்கை அறையும் சத்தம். சின்னச் சத்தம். ஒன்று. பிறகு ஒன்று. நின்றது. மறுபடி ஒன்று. சுவரைப் பிடித்து, விழுந்து, எழுந்து வருகிற ஒன்றின் சத்தம். அது வராந்தாவில் இல்லை. அடுக்களையில் இருந்தது.

"டார்லின்? வெளிய வந்துட்டியா?" என்றான் எஸ்றா. "ஏட்டி, பேசு."

ஓடிவிடலாம். இரண்டடி. கதவு, படி, தெரு. எதிர் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவது கதவு இடுக்கு வழியாகத் தெரிந்தது. அவள் கால்கள் ஓடத் தயாராகத்தான் இருந்தன.

பின்னால், முழங்கால் உயரத்தில், ஒரு மூச்சு. மூக்கடைத்த, சளி கட்டிய, பிள்ளை மூச்சு.

"அந்த வெளிச்சம் அவளுக்கு ஆவாது," என்றது குரல். "அத வச்சிட்டு வா."

காதிலிருந்து போனை எடுத்தாள். எஸ்றாவின் பெயரும் ஓடிக்கொண்டிருக்கும் நிமிஷமும் பளிச்சென்று தெரிந்தன. அவன் கத்திக்கொண்டிருந்தான். தூரத்துப் பூச்சி மாதிரி இருந்தது. பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை கறுத்தது.

மறு கையால் தாழை முழுக்கப் போட்டாள்.

கதவில் முதுகு சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். முதலில் சேலைக் கரை நனைந்தது. பிறகு முழங்காலில் ஐந்து விரல்கள், குளிர்ந்தவை, நகமில்லாதவை. அது ஏறியது. வழுக்கியது. மறுபடி ஏறியது. மடியில் வந்து அமர்ந்தது. கனமாக இருந்தது. ஒரு வயதுப் பிள்ளைக்குரிய கனம் இல்லை. நனைந்த மணல்மூட்டையின் கனம். மார்பில் தலையைச் சாய்த்தது. முடியைத் தடவினாள். சுருள். கையோடு வந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

தெருமுனையில் பைக் சத்தம். வாசலில் நின்றது. படியில் பூட்ஸ். முதுகுக்குப் பின்னால் கதவு அதிர்ந்தது.

"டார்லின்! கதவத் திற. நான்தான். எஸ்றா."

திறக்கத்தான் நினைத்தாள். சத்தியமாக. கூப்பிட வாயைத் திறந்தாள்.

மடியில் இருந்தது தலையை நிமிர்த்தியது. தன் சின்ன, ஈரக் கையை எடுத்து, மிகவும் மெதுவாக, அவள் வாயின்மேல் வைத்தது.