டாக்டர் எடுத்துக்கொண்டு போன எழுத்து

செத்துப் பதினோராம் நாள், கையும் இல்லாமல் பேனாவும் இல்லாமல், டாக்டர் சுரேந்திரன் தன் கண்முன்னால் மருந்துச்சீட்டைத் திருத்தினார் என்று ஜஸ்டஸ் சொன்னால், குன்னூரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஜஸ்டஸ் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்குள் மூன்று கோடி மாத்திரை எண்ணியதாகச் சத்தியம் செய்பவர். ஆகவே நடந்ததை மணிப்படி பார்த்துவிடுவோம்.

காலை 10.20. பன்னிரண்டு நாளாக விடாத ஜூன் மழை. தன் பிரஷர் மாத்திரைக்காக ஜஸ்டஸ் மெடிக்கல் ஷாப்புக்குள் நுழைந்தபோது, மேகம் அவருக்கு முன்னாலேயே வந்து கவுண்டரில் நின்றது. எதிரே டாக்டரின் கிளினிக் பூட்டிக் கிடந்தது. பூட்டிய கதவுக்குள் யாரோ இருமுவதாகத் தெருவே பேசிக்கொண்டது.

கடையின் மருந்தாளுநர் லிஜி அழுதுகொண்டிருந்தாள். எஸ்.ஐ. பாண்டியராஜ் ஒரு சீட்டைப் பிடித்தபடி நின்றார். ஈரத்திலேயே தேய்த்துப் போட்ட காக்கிச் சட்டையிலிருந்து பொம்மை ரயில் மாதிரி ஆவி கிளம்பிற்று.

"எஸ்டேட்ல வேலன்னு ஒருத்தர். ரெண்டு நாளா கண்ணு முழிக்கலைங்க. உயிருக்குப் பயமில்லை. தூக்க மாத்திரை அளவு கூடிப்போச்சு. டாக்டர் பத்தை அஞ்சாக் குறைச்சாராம். இந்தப் பொண்ணு பத்தே குடுத்திருக்கு."

"சீட்டுல பத்துதான் அங்கிள் இருந்துச்சு!"

"அப்ப சீட்டை மாத்திட்டே. பன்னெண்டு மணிக்கு ஸ்டேஷன். அப்புறம் லைசென்சு போகும், வேலையும் போகும்."

ஜஸ்டஸ் சீட்டை வாங்கினார். நீல மையில் பத்து மில்லிகிராம், மூன்று தடவை கொடுக்கலாம். ஒவ்வொரு தடவை மருந்து கொடுக்கும்போதும் டாக்டர் கையெழுத்துக்கு மேலே கடை சீலும் தேதியும் போட வேண்டும் என்பது விதி. போன மாதத்து சீல் இருந்தது, இந்த மாதத்து சீலும் இருந்தது.

"சீட்டு மாறலைங்க. பழைய சீலே இருக்குதே."

"சீல் இவ கையிலதானே இருக்கு?"

"டாக்டர் கையெழுத்துமா இவ கையில இருக்கு?"

பெஞ்சில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த வேலனின் மனைவி மூக்கம்மா தலை தூக்கினாள்.

"நான் பாத்தேனுங்க. டாக்டரய்யா பத்தை அடிச்சாரு. மேலே என்னமோ எழுதினாரு. தப்புன்னு பேனாவைத் திருப்பித் தேச்சாரு, எழுத்தே போயிருச்சு. மறுபடி எழுதினாரு. அன்னிக்கு ராத்திரியே செத்துட்டாரு. எழுதினதையும் கூடவே எடுத்துட்டுப் போயிட்டாருங்க."

எதிர் கிளினிக்கில் ஏதோ இருமியது. ஜஸ்டஸின் பின்கழுத்து மயிர் எழுந்து குரங்குக் குல்லாயையே ஓர் அங்குலம் தூக்கிவிட்டது.

பயத்தில்தான் அவருக்கு மூளை வேலை செய்யும்.

"கடைக்கு எப்ப வந்தீங்கம்மா?"

"மறுநா காலையில."

"மழை?"

"கொட்டுச்சுங்க."

"சீட்டு எங்க இருந்துச்சு?"

"மடியில. ராத்திரி ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள ஊறிப்போச்சு."

ஜஸ்டஸ் சீட்டைத் தடவினார். ஜூன் மாதத்துக் குன்னூரில் அப்பளமே கைக்குட்டையாகிவிடும். இந்தச் சீட்டோ புது ரூபாய் நோட்டாக மடமடத்தது. ஓரத்தில் டீ நிறத்தில் லேசான கருகல்.

"எப்படிக் காய வெச்சீங்க?"

"எல்லாரும் செய்யற மாதிரிதாங்க. மகளோட யூனிபாரத்துக்கு இஸ்திரிப் பெட்டி போடையில, இதையும் நடுவுல வெச்சுத் தேச்சேன்."

11.05. "லிஜி, இன்சுலினுக்கு வெக்கிற ஐஸ் பேக்கை ஃப்ரீசர்லருந்து எடு."

சீட்டை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கல்லாய் உறைந்த ஐஸ் பேக்கின் மேல் அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

"டாக்டர் லீவுங்களா?" என்றார் பாண்டியராஜ்.

அப்போது பத்தின் குறுக்கே நிழல் போல ஒரு கோடு ஓடியது. கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டாற்போல, மேலே, முதலில் எழுதி அழித்த கிறுக்கலும் அதன் பக்கத்தில் ஓர் ஐந்தும் மெல்ல எழும்பி வந்தன. ஐந்தை ஒட்டி டாக்டரின் சுருக்கக் கையெழுத்து, கடைசிச் சுழிப்போடு. பாண்டியராஜ் பின்வாங்கியதில் இருமல் மருந்து அலமாரி முழுக்கக் குலுங்கியது.

"குற்றவாளி ரெண்டு பேருங்க," என்றார் ஜஸ்டஸ். "ஒண்ணு, அழிச்சு எழுதற பேனா. தேய்ச்சா சூடு வரும், சூட்டுல மை மறையும். கடுங்குளிர்ல திரும்பி வரும். ரெண்டாவது, இஸ்திரிப் பெட்டி. பேனாவைத் திருப்பித் தேச்சாருன்னு அம்மா சொன்னாங்க, நம்ம காதுல விழலை. பழைய எழுத்து சாதாரணப் பேனா, அதனால தப்பிச்சிருச்சு. திருத்தினது மட்டும் போயிருச்சு. மருந்துச்சீட்டுல அந்தப் பேனா படவே கூடாதுங்க."

"அப்ப நான்தானுங்களா?" மூக்கம்மாவின் குரல் உடைந்தது.

ஜஸ்டஸ் வாழ்க்கையில் முதல்முறையாக எதையும் கூட்டிச் சொல்லவில்லை. "கசங்காம கொண்டு வரணும்னு நெனச்சீங்க. அவ்வளவுதான்மா."

லிஜி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

11.40. பாண்டியராஜ் வாசலில் நின்று இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டார்.

"அந்தப் பொண்ணை விட்டாச்சுங்க சார். சாட்சியா? டாக்டர்தாங்க சார். தெரியுங்க, செத்துட்டாரு. இல்லைங்க சார், குடிக்கலை." கிளினிக் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "கையும் இல்லை, பேனாவும் இல்லைங்க சார். எழுதினாரு. நானே பாத்தேன்."