தூணைத் தட்டிய கெஸியா

டொக், டொக், டொக்.

கெஸியா வாசல் தூணைத் தட்டினாள். தட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, பல் தெரியச் சிரித்தாள்.

"வணக்கம். என் பேரு கெஸியா. பெக்கன் தெரு சங்கத்துலேருந்து வரேன். எதையும் விக்க வரல, உங்களப் பாத்துப் பேசத்தான் வந்திருக்கேன். வீட்டுல எல்லாரும் எப்படி இருக்கீங்க?"

தூண் வாயைத் திறக்கவில்லை. தூண் என்றைக்குப் பேசியிருக்கிறது?

பக்கத்து வீட்டுக் கதவுதான் திறந்தது. அங்கே தனியாக வசிக்கும் முதியவர் மிஸ்டர் லூசியஸ் வெளியே வந்தார். தன் வாசலைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். கடைசியில் கெஸியாவைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. உள்ளே போய்ப் படாரென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

தினமும் இதே கதைதான். பள்ளி விட்டு வந்ததும் கெஸியா தூணைத் தட்டுவாள். மிஸ்டர் லூசியஸ் கதவைத் திறப்பார், பார்ப்பார், சாத்துவார்.

"சத்தம் போட்டா அவருக்குப் பிடிக்கல போல," என்று கெஸியா நினைத்துக்கொண்டாள். அதற்காகத் தட்டாமல் இருக்க முடியுமா? பழகினால்தானே வரும்?

அந்தத் தூண் இருந்தது மஞ்சள் வீட்டு வாசலில். மஞ்சள் வீடுதான் பெக்கன் தெரு சங்கத்தின் அலுவலகம். மிசிசிப்பி ஆற்றோரத்தில் இருந்த அந்த ஊரில், கறுப்பின மக்கள் தங்களுக்காகத் தாங்களே கூடி நடத்தும் சங்கம் அது. போன வருஷம் வரைக்கும் முடிதிருத்தும் கடையின் பின்னறையில்தான் கூடினார்கள். ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்காரலாம், அவ்வளவு சின்ன அறை.

இந்த ஒரு வருஷத்தில் சங்கம் எப்படி வளர்ந்துவிட்டது! ஆஸ்பத்திரிக்குப் போகும் பேருந்தை நிறுத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தெருத்தெருவாகப் போய்க் கதவைத் தட்டி ஆட்களைத் திரட்டினார்கள். பேருந்து இன்றும் ஓடுகிறது. வெயில் கொளுத்திய ஜூலை மாதத்தில், தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டுக்கெல்லாம் ஜன்னல் மின்விசிறி கொண்டுபோய் மாட்டிக்கொடுத்தார்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மாலைக்குள் சாப்பாட்டுப் பாத்திரம் வாசலுக்கு வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் கதவைத் தட்டுவதுதான். பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு ஜோடி ஜோடியாகப் போவார்கள். அதற்கென்று சில முறைகள் உண்டு. தட்டியதும் இரண்டடி பின்னால் தள்ளி நிற்க வேண்டும், வீட்டுக்காரர் பயந்துவிடக் கூடாது. நாம் கொஞ்சமாகப் பேச வேண்டும், அவரை நிறையப் பேசவிட வேண்டும். மிக முக்கியமானது ஒன்று உண்டு. முதல் தடவை போகும்போது நமக்கென்று எந்த உதவியும் கேட்கக் கூடாது.

கெஸியாவுக்கு இதெல்லாம் தலைகீழாகத் தெரியும். அவள் அம்மா வெர்னெட்டாதான் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பவர். ஆனால் பன்னிரண்டு வயது ஆனால்தான் பச்சைச் சட்டை. கெஸியாவுக்கு ஒன்பது. அதனால்தான் தூண்.

அன்று வியாழக்கிழமை. மஞ்சள் வீட்டுக்குள் எல்லோர் முகமும் வாடிக் கிடந்தது.

சனிக்கிழமை சங்கத்தின் ஆண்டு விருந்து. முந்நூறு பேர் வருவார்கள். பூங்காவில் நடத்துவதாக இருந்தது. அங்கே தண்ணீர்க் குழாய் உடைந்து, பூங்கா முழுவதும் சேறாகிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே இடம். மிஸ்டர் லூசியஸ் வீட்டை ஒட்டி இருந்த அவருடைய காலி மனை. புல்லை ஒட்ட வெட்டி, சுற்றிலும் பெக்கன் மர நிழலோடு, பார்க்கவே அழகாக இருக்கும். அதைக் கேட்கத்தான் ஒடெல் போயிருந்தார்.

ஒடெல் திரும்பி வந்தார். கதவு முழுவதையும் அடைக்கிற அளவுக்குப் பெரிய உடம்பு அவருக்கு. பேசியே யாரையும் வழிக்குக் கொண்டுவந்துவிடுவார் என்று பெயர் வாங்கியவர்.

"என்ன ஆச்சு ஒடெல்?" என்று அம்மா கேட்டார்.

"முடியாதுன்னுட்டாரு. நான் ரெண்டாவது வாக்கியத்தை ஆரம்பிக்கறதுக்குள்ள கதவு என் மூக்கு மேல."

"நல்ல வேளை, உங்க மூக்குக்கு எதுவும் ஆகல," என்றார் மிஸ் ஆர்லீன். விருந்துக்குச் சமைப்பவர் அவர். "ஆனா என் கீரைக்கு என்ன பதில்? முந்நூறு பேருக்குக் கீரையும் சோள ரொட்டியும் பண்ணிட்டு, அதை நான் நடுரோட்டுல வெச்சா பரிமாறுவேன்?"

"கல்லு மனசுக்காரர்," என்று யாரோ முணுமுணுத்தார்கள். "பக்கத்துல இருந்துக்கிட்டே ஒரு கூட்டத்துக்காவது வந்திருக்காரா?"

"இடம் கிடைக்கலன்னா விருந்தை நிறுத்த வேண்டியதுதான்," என்றார் அம்மா. ஒரு வருஷம் ஓடியாடி உழைத்தவர்களுக்கு நன்றி சொல்லும் விருந்து அது. அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் இறங்கிப்போனது.

மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த கெஸியா கையைத் தூக்கினாள்.

"அம்மா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"பெரியவங்க பேசிட்டிருக்கோம் கண்ணு."

"ஒண்ணே ஒண்ணு."

"சரி, கேளு."

"மிஸ்டர் லூசியஸ் வீட்டுக்கு முதல் தடவை யாரு போய்க் கதவைத் தட்டினாங்க?"

அம்மா ஒடெலைப் பார்த்தார். ஒடெல் மிஸ் ஆர்லீனைப் பார்த்தார். மிஸ் ஆர்லீன் ஜன்னலைப் பார்த்தார், அங்கே ஏதோ பதில் இருப்பதைப் போல.

"நீங்க போயிருப்பீங்கன்னு நான் நினைச்சேன்," என்றார் ஒடெல்.

"பக்கத்து வீடாச்சே, நீங்கதான் போயிருப்பீங்கன்னு நான் இருந்துட்டேன்," என்றார் அம்மா.

"நான் சமையக்காரி. என்னைப் பாக்காதீங்க," என்றார் மிஸ் ஆர்லீன்.

ஊரில் கடைக்கோடி வீடு வரைக்கும் போய்த் தட்டியிருந்தார்கள். ஆற்றங்கரை ஓரத்து வீடுகளையும் விடவில்லை. தினமும் கடந்து போகும் பக்கத்து வீட்டை மட்டும் ஒருவர்கூடத் தட்டவில்லை.

கெஸியா மெதுவாகச் சொன்னாள். "அப்ப இன்னிக்குத்தான் முதல் தடவை. முதல் தடவையே போய் இடம் கேட்டுட்டோம்."

ஒடெல் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது.

"வெக்கக்கேடு," என்றார் அம்மா. "மத்தவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறேன் நான்."

"நான் போய்த் தட்டட்டுமா?" என்றாள் கெஸியா. "உங்களையெல்லாம் பாத்தா அவருக்கு இடம் கேட்க வந்த மாதிரிதான் தெரியும். நான் சும்மா பேசிட்டு வரேன்."

அம்மா எழுந்தார். "நான் கேட்டுக்கு வெளிய நிப்பேன்."

"நில்லுங்க. ஆனா பேசக் கூடாது."

"சரிங்க மேடம்," என்றார் அம்மா.

மிஸ்டர் லூசியஸின் வாசலில் மூன்று படிகள் இருந்தன. தூணைத் தட்டுவது வேறு, நிஜக் கதவைத் தட்டுவது வேறு என்பது இரண்டாவது படியிலேயே கெஸியாவுக்குத் தெரிந்துவிட்டது.

டொக், டொக், டொக்.

இரண்டடி பின்னால் போனாள். அங்கே படி இருந்ததை மறந்துவிட்டாள். கதவு திறந்தபோது அவள் கைகளை வீசி, ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தாள்.

"விழுந்து கிழுந்து வைக்காத," என்றார் மிஸ்டர் லூசியஸ். "என்ன வேணும்?"

"வணக்கம். என் பேரு கெஸியா. பெக்கன் தெரு சங்கத்துலேருந்து வரேன். எதையும் விக்க வரல, உங்களப் பாத்துப் பேசத்தான் வந்திருக்கேன். வீட்டுல எல்லாரும்..." அவர் தனியாக இருப்பவர் என்பது நினைவுக்கு வந்தது. "நீங்க எப்படி இருக்கீங்க?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கதவைச் சாத்தவில்லை.

"ஒரு வருஷம் கழிச்சா இதைக் கேக்கறீங்க?" என்றார்.

கெஸியா காதுகொடுத்துக் கேட்டாள். கொஞ்சமாகப் பேச வேண்டும் அல்லவா?

"உங்க ஆளுங்க தினமும் இந்த வழியாத்தான் போறாங்க. 'குட் மார்னிங் மிஸ்டர் லூசியஸ்'னு எல்லாரும் சொல்வாங்க, மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஆனா ஒருத்தரும் படியேறல. ஜூலை மாசம் எத்தனை மின்விசிறி என் வாசலைத் தாண்டிப் போச்சு தெரியுமா? ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு நினைச்சேன். நானா வந்து கேக்க எனக்கு வாய் வரல."

"உங்க வீட்டுல மின்விசிறி இல்லையா?"

"இருக்கு. ஓடாது."

கெஸியா தலையை ஆட்டினாள். அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

"நீதானே அந்தத் தூணைத் தட்டற பொண்ணு?"

"ஆமா. உங்களுக்குத் தொந்தரவா இருக்குன்னு தெரியும். இனிமே..."

"தொந்தரவு இல்ல கண்ணு." அவர் குரல் தணிந்தது. "சத்தம் கேட்டா, என் கதவைத்தான் யாரோ தட்டறாங்கன்னு எழுந்து வருவேன். கடைசியில ஆள் வந்துட்டாங்கன்னு. திறந்து பாத்தா, நீ தூணோட பேசிட்டிருப்ப. மறுநாளும் அதே சத்தம் கேக்கும். தூண்தான்னு தெரியும். இருந்தாலும் எழுந்து வருவேன்."

எத்தனை நாள் தட்டியிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் இவர் எழுந்து வந்திருக்கிறார்.

"மன்னிச்சிடுங்க மிஸ்டர் லூசியஸ். தூணுக்குப் பதிலா நான் உங்க கதவைத் தட்டியிருக்கணும்."

"தூண் என்ன பதில் சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. ரொம்ப அழுத்தம் அதுக்கு."

மிஸ்டர் லூசியஸ் சிரித்துவிட்டார். அவர் சிரித்துக் கெஸியா பார்த்ததே இல்லை. பிறகு அவர் நிறையப் பேசினார். வியாழக்கிழமைகளில் சங்கத்தில் பாடும் பாட்டுக்குத் தன் வீட்டிலிருந்தே தாளம் போடுவாராம். ஒடெல் பாடும்போது மட்டும் ஜன்னலைச் சாத்திவிடுவாராம். கேட்டுக்கு வெளியே நின்ற அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி, நான் வரேன்," என்றாள் கெஸியா.

"அவ்வளவுதானா?" அவர் புருவத்தைத் தூக்கினார். "அந்த மனையைப் பத்தி ஒண்ணும் கேக்கல?"

"முதல் தடவை வரும்போது எந்த உதவியும் கேக்கக் கூடாது. அது எங்க முறை," என்று சொல்லிவிட்டு, படியைப் பார்த்து ஜாக்கிரதையாக இறங்கினாள்.

மஞ்சள் வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இடம் என்ன ஆச்சு?" என்றார் மிஸ் ஆர்லீன்.

"கேக்கல. ஆனா அவர் வீட்டுல மின்விசிறி ஓடல."

மிஸ் ஆர்லீன் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒடெல் மட்டும் எழுந்து உள்ளே போனார். கொடுப்பதற்கு மின்விசிறி ஒன்றுகூட மிச்சமில்லை. சங்கத்து ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றினார்.

"நமக்கு வேர்க்குமே ஒடெல்," என்றார் மிஸ் ஆர்லீன்.

"வேர்க்கட்டும். நமக்கு வேர்க்கத்தான் வேணும்."

அம்மாவும் ஒடெலும் மிஸ்டர் லூசியஸ் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். மின்விசிறியை மாட்டிவிட்டு, மனையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை. விருந்து கிடையாது என்று எல்லோருக்கும் எப்படிச் சொல்வது என்று அம்மா யோசித்துக்கொண்டிருந்தார். அறை முழுக்க வேர்வை வாடை.

டொக், டொக், டொக்.

கெஸியா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

மிஸ்டர் லூசியஸ் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. கதவிலிருந்து சரியாக இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.

"வணக்கம். என் பேரு லூசியஸ். பக்கத்து வீட்டுலேருந்து வரேன். எதையும் விக்க வரல, பேசத்தான் வந்தேன். வீட்டுல எல்லாரும் எப்படி இருக்கீங்க?"

கெஸியா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டே, சொல்லு என்பதைப் போலத் தலையசைத்தார்.

"நல்லா இல்ல மிஸ்டர் லூசியஸ்," என்றாள் கெஸியா. "நாளைக்கு முந்நூறு பேர் சாப்பிட வராங்க. உக்கார இடம் இல்ல."

"அப்படியா?" தாடையைத் தடவிக்கொண்டார். "அதனாலதான் இன்னிக்குக் காலையில மறுபடியும் புல்லை வெட்டி வெச்சேன். ஒரே ஒரு நிபந்தனை. ஒடெல் பாடக் கூடாது."

சனிக்கிழமை பெக்கன் மர நிழலில் முந்நூறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கீரையும் சோள ரொட்டியும் மீன் வறுவலும் துளியும் மிச்சமில்லாமல் தீர்ந்தன. ஆஸ்பத்திரிக்குப் பேருந்தில் போகிறவர்களும் அந்தப் பேருந்தை ஓட்டுகிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒடெல் பாடத்தான் செய்தார். மிஸ்டர் லூசியஸ் அதற்கும் தாளம் போட்டார்.

அம்மா கெஸியாவைக் கூப்பிட்டு ஒரு பச்சைச் சட்டையை மாட்டிவிட்டார். அது அவள் முழங்காலைத் தொட்டது.

"பன்னிரண்டு வயசு ஆகணுமே?" என்றாள் கெஸியா.

"அம்மா இல்லாம போறதுக்குத்தான் பன்னிரண்டு. என்கூட வரதுக்கு ஒன்பது போதும்."

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்ததும், கெஸியா பையை வைத்துவிட்டுத் தட்டினாள். டொக், டொக், டொக்.

உள்ளேயிருந்து மிஸ்டர் லூசியஸின் குரல் கேட்டது. "யாருக்கு அது? எனக்கா, தூணுக்கா?"

"உங்களுக்குத்தான்," என்றாள் கெஸியா. படியைப் பார்த்துக்கொண்டு ஜாக்கிரதையாக இரண்டடி பின்னால் போய் நின்றாள்.