படலையில் வேப்பிலை

பருத்தித்துறை பஸ்ஸிலிருந்து கனகாம்பிகையும் இளையதம்பியும் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடற்காற்றில் கருவாட்டு மணம். ஒழுங்கையில் நடக்கையில் இளையதம்பி அடிக்கடி நின்று வேலியைப் பிடித்துக்கொண்டான். பார்த்தவர்கள் பயணக் களைப்பு என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்றுதான் அவளும் சிரித்த முகத்தோடு நடந்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பு அவளுக்கு நன்றாகக் கைவந்திருந்தது.

வீட்டு வாசற் படலையில் ஆழ்வாப்பிள்ளை நின்றார். இளையதம்பியின் மூத்த அண்ணன், அவர்களை வரச்சொன்னவர். சொந்த வள்ளம் வைத்திருக்கும் தண்டையல். அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு இல்லை. ஒரு கொத்து வேப்பிலையைப் படலையில் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஆருக்குப் பெரியத்தான் அம்மாள் வருத்தம்?” என்று கேட்டாள் கனகாம்பிகை.

“உன்ரை மனுசனுக்கு,” என்றார் அவர், முடிச்சை இறுக்கியபடி.

இளையதம்பிக்கு அம்மையும் இல்லை, கொப்பளிப்பானும் இல்லை. அபின். அக்கரையிலிருந்து சேலையும் சவர்க்காரமும் ஏற்றி வரும் வள்ளத்தின் அடியில் அதுவும் பொட்டலம் பொட்டலமாக வரும். வள்ளம் ஆழ்வாப்பிள்ளையுடையது. உடம்பு நோவுக்கு என்று தம்பி ஒருநாள் கிள்ளி வாயில் போட்டான். பிறகு அது இல்லாமல் அவனுக்கு விடியவில்லை. கொண்டுவந்தவருக்கு ஊரில் மரியாதை. தின்றவன்தான் குடும்பத்துக்கு வெட்கம்.

“அறையிலை விட்டுப் பூட்டினால் கொஞ்ச நாளிலை எல்லாம் விட்டுப்போம்,” என்றார் ஆழ்வாப்பிள்ளை. “வேப்பிலையைக் கண்டால் ஒருத்தரும் உள்ளை வராயினம். எனக்கும் ரண்டு குமர் இருக்குப் பிள்ளை. உவன் அபின்காரன் எண்டு வெளியிலை தெரிஞ்சால் ஆர் அவளவையைக் கட்டுவினம்?”

அந்தக் குமர்ப் பெண்கள் தாயோடு அவள் பிறந்த வீட்டில் இருந்தார்கள். நடு அண்ணன் கந்தப்பு இந்த வீட்டில் செத்த பிறகு ஆழ்வாப்பிள்ளையின் மனைவி இங்கே கால் வைக்கவில்லை. கந்தப்புவுக்கு அம்மாள் வருத்தம் என்றுதான் கனகாம்பிகைக்கும் சொல்லியிருந்தார்கள்.

பின்பக்கத்து அறையில் உயரத்தில் ஒரு சின்ன யன்னல். கதவுக்கு வெளியே இரும்புப் பட்டை, பூட்டு. இளையதம்பி அடம்பிடிக்கவில்லை, ஆடுமாதிரி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். கதவு சாத்தும்போது வேப்பிலை மணம் ஒன்று குப்பென்று வந்தது. வேப்பிலை கட்டியிருந்தது படலையில். மணம் வந்தது அறைக்குள் இருந்து.

விடிந்தபிறகு ஓங்காளித்துச் சத்தி எடுக்கும் சத்தமும், அழுகையும், தூஷணமும் மாறி மாறிக் கேட்டன. கனகாம்பிகை கதவோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆழ்வாப்பிள்ளை குசினியில் தனக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மாள் வீட்டிலை பொரியல் மணக்கக்கூடாதெல்லோ பெரியத்தான்?”

“மணத்துக்கு ஆர் வந்து வழக்குப் பேசப்போகினம்?” என்றார் அவர்.

உச்சி வெயிலில் படலை கிறீச்சிட்டது. பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து இளநீர்க் குலையொன்றைப் படலையடியில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமலே திரும்பிப் போனாள். நல்ல மனுசி. அந்த ஊரில் எல்லோரும் நல்லவர்கள்தான்.

“ஆர் வந்தது?”

அறைக்குள்ளிருந்து கேட்டது. காய்ந்த தொண்டை.

“ஒருத்தரும் இல்லை. நீங்கள் படுங்கோ,” என்றாள் கனகாம்பிகை.

அறைக்குள் பாய் சரசரத்தது.

“நீ ஆரோடை கதைக்கிறாய்?”

இது இளையதம்பியின் குரல்.

அவள் கதவிலிருந்து விலகினாள். “நீங்கள்தானே கேட்டியள், ஆர் வந்ததெண்டு?”

“நான் கேக்கேல்லையப்பா,” என்றான் அவன், மிகவும் மெதுவாக. “எனக்குப் பக்கத்திலை இருந்துதான் கேட்டது.”

அதற்குப் பிறகு ஒழுங்கையில் சைக்கிள் மணி அடித்தாலும், படலை காற்றுக்கு ஆடினாலும் அது கேட்டது. கோபமில்லாத குரல். விருந்தாளிக்குக் காத்திருப்பவன் கேட்பதுபோல ஓர் ஆசை அதில் இருந்தது. அந்த ஆசைதான் அவளை அதிகம் பயப்படுத்தியது. ஆழ்வாப்பிள்ளையிடம் சொன்னாள். அவர் முகம் சாம்பலாகிப்போனது. “வெறும் காத்து,” என்றார். சோற்றுக் கோப்பையை அப்படியே தள்ளி வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் பின்னேரம் அறைக்குள் அழுகை நின்றது.

“கனகம்,” என்றான் இளையதம்பி. குரல் தெளிவாக இருந்தது. “நீ உன்ரை கொம்மாவிட்டைக் கொழும்புத்துறைக்குப் போ. அங்கை உன்னை நல்லாப் பாப்பினம். நான் இனி ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கமாட்டன்.”

கலியாணம் முடித்த காலத்திலிருந்து அவள் கேட்க ஏங்கிய அமைதிக் குரல் அது. அதைக் கேட்டதும் அவள் எழுந்து நின்றாள். கத்துகிறவனுக்கு இன்னும் ஏதோ வேணும். இவனுக்கு ஒன்றும் வேண்டாமாகிவிட்டது.

கடற்கரையிலிருந்து திரும்பிய ஆழ்வாப்பிள்ளையை மறித்தாள். “பூட்டுத் திறப்பைத் தாங்கோ பெரியத்தான். அவர் கதைக்கிற கதை சரியில்லை.”

“பொறு பிள்ளை. அடங்கீட்டான் எண்டால் விட்டுப்போகுது எண்டு அர்த்தம். கந்தப்புவும் கடைசியிலை இப்பிடித்தான் அடங்கினவன்.”

சொன்னபிறகுதான் அவருக்குத் தான் சொன்னது விளங்கியது.

“அவருக்கு அம்மாள் எண்டெல்லோ சொன்னியள்?”

அவர் அவளைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார்.

“இதே அறையோ? தன்ரை உயிரைத் தானே எடுத்தவரோ?”

அவர் நிலத்தைப் பார்த்தார். திறப்பை மடிக்குள் இன்னும் இறுக்கிச் செருகினார்.

“ஆர் வந்தது?” என்றது அறைக்குள் குரல்.

படலை ஆடவில்லை. மணி அடிக்கவில்லை. ஒருவரும் வந்திருக்கவில்லை.

கனகாம்பிகை ஓடினாள். படலையில் கட்டியிருந்த வேப்பிலையைப் பிடுங்கி ஒழுங்கையில் எறிந்தாள். சிரித்த முகம், குடும்ப மானம், ஆழ்வாப்பிள்ளையின் குமர்கள், எல்லாம் அந்தக் கொத்தோடு போயின. வாய்விட்டுக் கத்தினாள். “ஐயோ, ஓடி வாங்கோ! என்ரை மனுசனுக்கு அம்மாள் இல்லை, அபின்! பூட்டி வைச்சுச் சாகக் குடுக்கினம், ஓடி வாங்கோ!”

வேலிகளுக்கு மேலால் தலைகள் தெரிந்தன. முதலில் ஓடிவந்தவள் சிவக்கொழுந்து. அவள் மகன் அலவாங்கோடு வந்தான். ஆழ்வாப்பிள்ளை கதவுக்குக் குறுக்கே நின்றார். சிவக்கொழுந்து அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். மகன் அலவாங்கால் நெம்பப் பூட்டுத் தெறித்தது.

இளையதம்பி உயிரோடு இருந்தான். மூலையில் குந்தியிருந்தான், உடம்பு உதறியது. பாயின் ஒரு ஓரத்தில்தான் இருந்தான், மற்றப் பாதியை யாருக்கோ விட்டுவைத்ததுபோல. அந்தப் பாதி அமுங்கியிருந்தது. வேப்பிலை மணம் மூச்சை அடைத்தது.

“கந்தப்பண்ணை என்னைப் போகவிடேல்லை,” என்றான் அவன், பல் கிட்ட. “பொறடா, இப்ப ஆராவது வருவினம், இப்ப ஆராவது வருவினம் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர்.”

கனகாம்பிகை அவனைக் கட்டிப்பிடித்துக் குழறினாள். சிவக்கொழுந்து வெறும் பாயைப் பார்த்தபடி நின்றாள்.

“நான் வந்தனான் கந்தப்பு,” என்றாள். “நீ கிடந்த ஒவ்வொரு நாளும் வந்தனான். படலையிலை வேப்பிலையைக் கண்டிட்டுத் திரும்பினனான். மீன் பொரிக்கிற மணம் வேலி தாண்டி வந்தது. அம்மாள் வீட்டிலை ஆர் பொரிப்பினம்? எனக்கு விளங்கினது. விளங்கியும், பெரிய குடும்பம், எங்களுக்கென்னத்துக்கு எண்டு இருந்திட்டன்.”

வந்திருந்த எல்லோருக்கும் கந்தப்பு கிடந்த அந்த நாட்களில் மூக்கு இருந்தது.

இளையதம்பியை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் ஏசவில்லை, மருந்து கொடுத்தார், பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். வீடு திரும்பியபின் இளையதம்பி மறுபடி ஒருதரம் வழுக்கினான், மறுபடி எழும்பினான். மனம் இருண்டு வருகிற நாட்களில் அதை வாய்திறந்து மனைவியிடம் சொல்லப் பழகினான். அவளும் சிரித்த முகத்தைக் கழற்றி வைத்துவிட்டாள். கொழும்புத்துறையில் அவர்கள் வீட்டுப் படலை பகலில் சாத்துவதில்லை.

அடுத்த மாரியில், ஆழ்வாப்பிள்ளை தனியே கிடக்கிறார், ஒருவரும் போவதில்லை என்று ஆள் மூலம் தகவல் வந்தது. இளையதம்பி போகமாட்டேன் என்றான். கனகாம்பிகை கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

படலையில் பச்சை வேப்பிலை தொங்கியது. முறித்த காம்பில் ஈரம் இன்னும் காயவில்லை.

அவள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே போனாள். படலை கிறீச்சிட்டது.

“ஆர் வந்தது?”

“நான்தான் பெரியத்தான், கனகாம்பிகை.”

ஆழ்வாப்பிள்ளை விறாந்தையில் சுருண்டு கிடந்தார். எலும்பும் தோலும். “நான் கேக்கேல்லைப் பிள்ளை,” என்று கிசுகிசுத்தார். “நான் உந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறன்.”

“வேப்பிலையை ஆர் கட்டினது?”

“தெரியாது. நான் எறிஞ்சால் விடியத் திரும்பவும் கிடக்கு. அதைக் கண்டு ஒருத்தரும் வருகினமில்லை.”

அவளுக்கு இரக்கம் வந்தது. கஞ்சியை ஊட்டினாள். “சிவக்கொழுந்தக்காவைக் கூப்பிட்டு, கந்தப்பண்ணை எப்பிடிச் செத்தவர் எண்டு உங்கடை வாயாலை சொல்லுங்கோ பெரியத்தான். அதுக்குத்தான் அவர் நிக்கிறார்.”

ஆழ்வாப்பிள்ளை அவள் கையை இறுக்கிப் பிடித்தார். கண்ணில் நீர் முட்டியது. சொல்லப்போகிறார் என்று நினைத்தாள்.

“என்ரை இளையவளுக்கு ஒரு சம்பந்தம் பேசுகினம்,” என்றார் அவர். “ஆரும் கேட்டால், கந்தப்புவுக்கு அம்மாள் எண்டே சொல்லு பிள்ளை.”

அவள் கையை உருவிக்கொண்டாள். கஞ்சிப் பாத்திரத்தை அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து நடந்தாள்.

படலையில், தான் பிடுங்கிய அதே இடத்திலேயே, வேப்பிலை தொங்கியது. ஈரமாக.

அதைத் தொடாமல் வெளியே வந்து படலையைச் சாத்தினாள்.

உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது. முதல் தடவையாக அது வேறொன்றைக் கேட்டது.

“ஆர் போறது?”