வலிக்காத ஊசி

ரத்தம் எடுக்க எந்தக் கை என்று நர்ஸ் சொல்லவே இல்லை. ஆனாலும் நரை விழுந்த எல்லாரும் இடது கையைத்தான் நீட்டினார்கள். மகள் இப்திசாமுக்குத் துணையாக வந்திருந்த ஷஹாத்தாவுக்கு அதைப் பார்க்க என்னவோ போலிருந்தது. வலது கை மண்வெட்டி பிடிக்க வேண்டும், இடதை நீட்டு என்று இந்த ஊரைப் பழக்கியதே அவர்தான்.

நாற்பது வருடத்துக்கு முன் இதே சுகாதார நிலையத்தில் அவர்தான் ஊசி போடுபவர். நைல் கால்வாயில் இறங்கியவர்களுக்கெல்லாம் உடம்பில் புழு, சிறுநீரில் ரத்தம். கண்ணாடிச் சிரிஞ்சு, கொதிக்கும் தண்ணீரின் முணுமுணுப்பு, ஸ்பிரிட் வாடை, வாசல் தாண்டி வரிசை. கொதிக்கவைத்து முடிக்க நேரமேது? வெந்நீரில் ஓர் அலசு, அடுத்த கை. அன்று யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

இப்போது அரசாங்கமே ஊர் ஊராக வந்து சோதிக்கிறது. ஹெபடைடிஸ் சி, ரத்தத்தில் பரவும், சத்தமே இல்லாமல் பல வருடம் ஈரலைத் தின்னும் என்று இளம் டாக்டர் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். மூன்று மாத மாத்திரையில் கிருமி போய்விடுமாம். சுருங்கிப்போன ஈரல்தான் பழையபடி ஆகாதாம்.

இப்திசாமின் ஸ்கேனை டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"ஈரல் ரொம்பச் சுருங்கியிருக்கு அக்கா. சின்ன வயசுல புழு ஊசி போட்டீங்களா?"

"எனக்குப் புழுவே வந்ததில்ல டாக்டர். பள்ளிக்கூடத்துல புள்ளைங்க அழுதுச்சுங்க. வலிக்காதுன்னு காட்ட அப்பா எனக்கு வெறும் தண்ணி ஊசி போட்டாரு. ஒரே தடவைதான்." அவள் பெருமையாகச் சிரித்தாள்.

டாக்டரின் பேனா நின்றது.

ஷஹாத்தாவுக்கு நினைவு வந்தது. அவளோடு படித்த சலாமாவின் கையிலிருந்து உருவிய அதே ஊசி. அலசவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சலாமா போன வருடம் ரத்தமாக வாந்தி எடுத்துச் செத்தான்.

சொல்லிவிட வேண்டும். எழுந்தார்.

அதற்குள் வரிசையிலிருந்து ஒரு பெண் வந்து அவர் வலது கையைப் பிடித்தாள். இப்திசாமோடு படித்தவள். நிறைமாதம்போல் வயிறு உப்பியிருந்தது.

"ஷஹாத்தா சித்தப்பா, உங்க ஊசியாலதானே நாங்க உசிரோட இருக்கோம்."

குனிந்து கையை முத்தமிட்டாள். நிமிர்ந்தாள். கண்களின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

அவளுக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்கும் மஞ்சள். அவரும் குனிந்தார்.

வரிசை முழுவதும் அவர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.