உச்சியில் ஒரு கை தண்ணீர்

தேவபிரசாதம் காலை ஐந்தரைக்கு எழுவான். அடுப்பு மூட்டுவான். பால் காய்ச்சி ஆற்றுவான். சங்கையும் துணியையும் கொதிநீரில் போட்டு எடுப்பான். பிள்ளையை மடியில் கிடத்திப் புகட்டுவான். பிறகு தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிப் பிள்ளையின் தலையில் வைப்பான். மேலே கம்பளித் தொப்பி. நாடாவை இரண்டு முடிச்சாகப் போடுவான். ஆறரைக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சித்தாயிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நடப்பான். ஏழு மணிக்குத் துறைமுக ஆபீசில் காற்றழுத்தமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவான்.

ஏழு மாதமாக இதில் மாற்றம் இல்லை. பிள்ளை பிறந்த பத்தாம் நாள் அவன் மனைவி சுகிர்தம் இறந்துபோனாள். அதற்கு மறுநாளிலிருந்து இப்படித்தான்.

தொப்பிக்கு அடியில் பிள்ளையின் தலை முழுக்க மஞ்சளாய் ஒரு பொருக்கு. நெற்றியில் தொடங்கி உச்சிக்குழிவரை, மெழுகு உருகி உறைந்ததுபோல இருக்கும். எண்ணெய் வைக்க வைக்க அது தடித்தது. தண்ணீர் மட்டும் அவன் ஊற்றவே இல்லை.

தண்ணீர் ஊற்றாததால் ஞானஸ்நானமும் ஆகவில்லை. பெயர் இல்லாத பிள்ளையை எல்லாரும் பாப்பா என்றே அழைத்தார்கள். சாத்தான்குளத்து அக்கா கடுதாசி எழுதியிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஞானஸ்நானம். முந்தின நாளே அவள் வந்துவிடுவாள். அதற்குள் இந்தத் தலை சரியாகவில்லை என்றால் பிள்ளையைத் தன்னோடு கூட்டிப்போவாள். தன் நாலு பிள்ளைகளோடு அஞ்சாக வளரட்டும் என்று எழுதியிருந்தாள்.

அவன் பதில் எழுதினான். ஒரே வார்த்தை. சரி.

தபால்பெட்டியில் போட்ட பிறகும் அதன் பக்கத்திலேயே நின்றான்.

*

யுத்தம் முடிந்து இரண்டாவது மழைக்காலம் அது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை பேச்சித்தாய் முத்தையாபுரத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். சாயங்காலம் அவன் போய் வாங்கி வந்தான். பஸ்ஸைவிட்டு இறங்கிக் கடற்கரைச் சாலையில் நாலு எட்டு வைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

தூறல் இல்லை... முன்னறிவிப்பு இல்லை... வானத்தைக் கவிழ்த்ததுபோல ஒரு மழை.

கோட்டுக்குள் பிள்ளையின் தலையைத் திணித்துக்கொண்டு ஓடினான். உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் தாழ்வாரத்தில் போய் நின்றான். பிள்ளை கோட்டுக்குள் முட்டி முட்டி அழுதது. அவன் இன்னும் இறுக்கினான்.

"பிள்ளைக்கு மூச்சு முட்டுது. கோட்ட விலக்குங்க."

திரும்பினான். வெள்ளைச் சேலை, நீலக் கரை, கையில் தோல் பை, மடக்கிய குடை. இமைகளில் மழைத்துளி நின்றது. துளிக்குப் பின்னால் இரண்டு கண்கள்... கோபமான கண்கள். ஏழு மாதமாக யாரும் அவனைக் கோபமாகப் பார்த்ததில்லை. எல்லாரும் பரிதாபமாகத்தான் பார்த்தார்கள். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோட்டை விலக்கினான்.

"தொப்பி சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. கழட்டுங்க."

"தலையில தண்ணி படக் கூடாது."

"யார் சொன்னா?"

அவளே நாடாவை அவிழ்த்தாள். இரண்டு முடிச்சு, இரண்டாவதைப் பல்லால் கடித்து இழுத்தாள். தொப்பி வந்தது. பொருக்கின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தன நாளா எண்ணெ வைக்கிய?"

"தெனமும்."

"கழுவுதது?"

"கழுவல."

"அப்ப இது நோயில்ல சார். நீங்க கட்டுன சுவரு. தெனம் ஒரு வரிசை வச்சுக்கிட்டே வந்திருக்கிய."

அவனுக்குச் சுருக்கென்றது. தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தனக்குத் தெரியும் என்றான். தெரிந்தால் நல்லது என்றாள் அவள். பேர் அற்புதமணி, நாசரேத்துக்காரி, முனிசிபாலிட்டி பிள்ளை நல நிலையத்தில் நர்ஸ். புதன்கிழமை சாயங்காலம் கொண்டு வரலாம் என்றாள். அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டாள். சொன்னான். தோணிகளுக்கு மழை, காற்று வருவதைக் கொடிமரத்தில் காட்டுகிற ஆபீஸ் என்று.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு கண்ணில் தப்பித்து வந்துவிட்டது.

"ஊருக்கே மழை வருதுன்னு கொடி காட்டுத ஆளு... கையில ஒரு குடை இல்ல."

குடையை அவன் கையில் வைத்தாள். வேண்டாம் என்றான்.

"உங்களுக்கு யாரு தந்தா? இது பாப்பாவுக்கு."

சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பிள்ளை அழுகையை எப்போதோ நிறுத்தியிருந்தது.

*

குடையைத் திருப்பிக் கொடுக்கத்தான் புதன்கிழமை போனான். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

அவள் குடையை வாங்கி மூலையில் சாத்திவிட்டு, பிள்ளையையும் வாங்கிக்கொண்டாள். இது ஒட்டுவதும் இல்லை, யார் செய்த பாவமும் இல்லை, கைப்பிள்ளைகள் பலருக்கும் வருவதுதான் என்றாள். செய்யவேண்டியதைச் சொன்னாள். எண்ணெய் கொஞ்சம் போதும், பொருக்கின் மேல் மட்டும். அரைமணி ஊறட்டும். பிறகு மெத்தென்ற பிரஷால் வட்டமாக, பூவைத் தொடுவதுபோல. கடைசியில் வெதுவெதுப்பான வெந்நீரும் துளி சோப்பும் போட்டு எண்ணெய் முழுக்கப் போகும்படி கழுவ வேண்டும். துடைத்துக் காற்றாட விட வேண்டும். தொப்பி கூடாது. நகத்தால் பிய்க்கவே கூடாது. சிவந்தாலோ நீர் கசிந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு சின்ன பிரஷையும் கொடுத்தாள்.

அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். வீட்டில் எல்லாம் செய்தான்... ஒன்றைத் தவிர.

மூன்றாம் புதன்கிழமை அவள் பிள்ளையின் தலையைக் குனிந்து முகர்ந்தாள். ஓரங்கள் உதிர்ந்திருந்தன. உச்சியில் பொருக்கு அப்படியே இருந்தது. ஊசலெண்ணெய் வாடை.

"தண்ணி ஊத்தல."

"ஈரத் துணியால தொடச்சேன்."

"தொடச்சா போகாது. உச்சிக்குழிய நெனச்சுப் பயப்படுதியளா? மெதுவாத் தொட்டா அது ஒண்ணும் ஆகாது. படிச்சவங்க நீங்க..."

"படிச்சவன்தான்," என்றான். "அதனாலதான் செத்தா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். ஏழு மாதத்தில் அவன் இவ்வளவு பேசியதில்லை. பிள்ளை பிறந்த ஏழாம் நாள் சுகிர்தம் தலைக்குக் குளிக்க வேண்டும் என்றாள். ஜன்னி கண்டுவிடும் என்று வீட்டுப் பெண்கள் எல்லாரும் தடுத்தார்கள். அவன்தான் பி.ஏ. அதெல்லாம் மூடநம்பிக்கை என்றான். அவனே வெந்நீர் போட்டான். அவனே ஊற்றினான். அன்று ராத்திரி காய்ச்சல். மூன்றாம் நாள் ஜன்னி... பிறகு சவப்பெட்டி. யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அற்புதமணி ஆறுதல் சொல்லவில்லை. ஒரு நர்ஸ் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"குளிக்கணும்னு ஏன் கேட்டாங்க?"

"குளிருதுன்னா. வெந்நி ஊத்துனா நல்லாருக்கும்னா."

"எப்பத்திலிருந்து குளிருச்சு?"

"முந்தின நாள் சாயங்காலமே... ரெண்டு போர்வை கேட்டா. பல்லு அடிச்சுது. நான்தான் எடுத்து..."

வெளியே காற்று ஜன்னல் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுப் போனது.

"தெனமும் நேரம் போட்டு எழுதுத ஆளு நீங்க," என்றாள் அவள், மெதுவாக. "எது முந்தி, எது பிந்தின்னு நான் சொல்லணுமா? காய்ச்சல் முந்தியே வந்துட்டு. தண்ணி பிந்தி. அது பிரசவக் காய்ச்சல் சார். குளிக்காம இருந்தாலும் அது போயிருக்காது. நீங்க ஊத்தினது அவங்களுக்கு இதமா இருந்திருக்கும்... அவ்வளவுதான்."

இரண்டு போர்வை. ஆறாம் நாள் சாயங்காலம். அது அவனுக்கு எப்போதும் தெரிந்திருந்தது. எடுத்துப் பார்க்கத்தான் பயந்திருந்தான்.

அவன் ரொம்ப நேரம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பார்க்கவில்லை, அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் தொட்டு வைத்து, அரைமணி ஆகட்டும் என்று பிள்ளைக்கு வளையலை ஆட்டிக்காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு குவளையை அவனிடம் நீட்டினாள்.

அவன் தயங்கினான்.

"நான் ஊத்த மாட்டேன். நீங்கதான்."

உள்ளங்கையில் ஏந்தி ஊற்றினான். முதல் கை... இரண்டாம் கை... பிள்ளை கண்ணை இடுக்கி, வாயைத் திறந்து, அழப்போவதுபோல மூச்சிழுத்து... சிரித்தது. பொருக்கு ஓரமாக நெகிழ்ந்து, பிரஷோடு பிசிறு பிசிறாக வந்தது. அதற்குக் கீழே தோல் இளஞ்சிவப்பாக, மெல்லிய மயிரோடு இருந்தது. மகளின் தலையை அவன் அன்றுதான் பார்த்தான்.

நிமிர்ந்தபோது அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று துண்டை மடிக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே மடித்திருந்த துண்டு.

*

அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டில் அவனே கழுவினான். புதன்கிழமை மட்டும் அவளிடம் காட்டினான். காட்ட ஒன்றும் இல்லாத புதன்கிழமையும் போனான். "இந்தத் தலையில இனி நான் என்னத்தப் பாக்க?" என்று அவள் கேட்டாள். காதோரம் ஒரு செதில் இருப்பதாகச் சொன்னான். அவள் தேடினாள். இல்லை. இரண்டு பேரும் அதைப் பற்றி மேலே பேசவில்லை. மறுநாள் காலை அவன் காற்றழுத்தத்தைத் தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினான்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, அக்கா வந்தாள். பிள்ளையின் தலையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிள்ளையைத் தூக்கிப்போகக் கொண்டு வந்த தொட்டில் துணியை மடித்துப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

"ஏலே தேவா, பிள்ள உங்கிட்டயே இருக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் எழுந்து பின்கட்டுக்குப் போய் முகம் கழுவி வந்தான்.

அந்தச் சந்தோஷத்திலேயே அக்கா கிளம்பினாள், நர்ஸைப் பார்க்க. அவனும் கூடப் போனான். அற்புதமணியின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னாள், நாளைக்கு அவள்தான் பாப்பாவுக்கு ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று.

"எம் மூத்தவனுக்கு ஞானத்தாயா நின்ன டீச்சர என் வீட்டுக்காரர் இன்னைக்கும் தங்கச்சின்னுதான் கூப்பிடுதாரு. எங்க குடும்பத்துல அப்படித்தான். இனி நீ எங்க தேவாவுக்குக் கூடப்பிறந்தவ."

அற்புதமணியின் முகத்தில் இருந்த சிரிப்பு விளக்கு அணைந்ததுபோலப் போனது. கையை விடுவித்துக்கொண்டாள்.

"என்னால முடியாதுக்கா."

காரணம் கேட்டாள் அக்கா. அவள் சொல்லவில்லை. தேவபிரசாதத்தின் காது சிவந்தது. பெண்டாட்டியைத் தின்றவன் வீட்டுப் பிள்ளை... யார்தான் நிற்பார்கள்? இரங்கி வைத்தியம் பார்த்தாள். அதைப் போய் வேறு என்னவோ என்று எண்ணிவிட்டான். பையிலிருந்து பிரஷை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"கேட்டது எங்க தப்பு," என்றான். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலை தூறல். ஞானத்தாயாக, கோவிலில் மணியடித்து விளக்குப் பார்க்கிற கோவில்பிள்ளையின் மனைவி நின்றாள். சபைக் குருவான ஐயர் பிள்ளையைக் கையில் வாங்கினார். பெயர் கேட்டார்.

"கிருபா," என்றான்.

ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து ஒரு கை தண்ணீர் எடுத்து உச்சியில் ஊற்றினார். தேவபிரசாதம் கண்ணை மூடவில்லை. தண்ணீர் சுத்தமான அந்தச் சின்னத் தலையில் வழிந்து, புருவத்தில் நின்று, கன்னத்தில் இறங்கியது. கிருபா ஐயரைப் பார்த்துச் சிரித்தாள்.

இதைச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் உண்டு என்று அவனுக்குத் தோன்றியது. திரும்பினான்... கடைசிப் பெஞ்சில் அவள் இருந்தாள். வெள்ளைச் சேலை, நீலக் கரை. அழுதுகொண்டிருந்தாள். துடைக்கவும் இல்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் அக்காவையும் பிள்ளையையும் சூழ்ந்துகொண்டார்கள். அவன் வாசல் முகப்புக்குப் போனான். அவள் தூணோரம் குடையை விரித்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்பிட்டியளா?"

"ஆமா."

தூறல் மழையானது. அவன் கையிலும் அன்று குடை இருந்தது. அதைப் பார்த்து அவள் லேசாகச் சிரித்தாள். "பரவால்லையே... கொண்டாந்திருக்கிய." பிறகு சிரிப்பு நின்றது. விரித்த குடையை மெல்ல மடக்கினாள்.

கேட்காமலே போய்விடலாம் என்று அவன் கௌரவம் சொன்னது. ஏழு மாதம் ஒன்றையும் கேட்காமல் இருந்து பார்த்தாயிற்று.

"நீங்க ஏன் மாட்டேன்னிய? பிள்ளைய உங்களுக்குப் பிடிக்கும்... அது எனக்குத் தெரியும். என்னை நெனச்சா?"

"உங்கள நெனச்சுத்தான்."

அவன் தலை குனிந்தான். அவள் மழையைப் பார்த்தாள். ஓட்டிலிருந்து விழும் ஒவ்வொரு சொட்டையும் எண்ணுவதுபோலப் பார்த்தாள். பிறகு திரும்பி, முதல் நாள் பார்த்த அதே கண்களால் நேராகப் பார்த்தாள். கோபம் மட்டும் இல்லை.

"ஞானத்தாயா நின்னா நான் உங்களுக்குத் தங்கச்சி ஆயிருவேன்... கிருபாவுக்கு அம்மாவாகணும்னு ஆசப்பட்டவ, உங்களுக்கு எப்படித் தங்கச்சியா நிப்பேன்?"