பாவை விரிந்தால் பொய்

“வணக்கம் ஜெபராஜ், உங்கள் சொல் மெய்” என்றது பாவைமானி. கதவு திறந்தது.

கோத்தகிரி முயல் ஆய்வகத்தில் எல்லோரும் தினமும் அந்தக் கருவிக்கு இடக்கண்ணைக் காட்டி, “ரகசியம் எதையும் விற்கவில்லை” என்று ஒப்பிக்க வேண்டும். கண்ணின் பாவை விரிந்தால் பொய். கோர்ட்டு முதல் கல்யாணப் பேச்சு வரை நாட்டில் எல்லாம் இப்போது இப்படித்தான் நடக்கிறது.

தமயந்திக்கு அந்தப் பச்சை விளக்கில் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. கழுத்தில் ஒரு நரம்புமுடிச்சை எடுத்துவிட்டால் பாவை சுருங்கியே கிடக்கும் என்று முயல்களில் கண்டுபிடித்தது அவளும் ஜெபராஜும். அந்த ரகசியம் இப்போது கள்ள ஆஸ்பத்திரிகளில் விலைக்குப் போகிறது. அவள் விற்கவில்லை. அப்படியென்றால்? போதாக்குறைக்கு அவனுடைய இடது இமை வேறு லேசாகத் தொங்கியது. நரம்பெடுத்த முயலுக்கும் அப்படித்தான் தொங்கும். கூடப் படித்தவனைச் சந்தேகிக்க அவளுக்கே கூசியது. இயக்குநர் நல்லதம்பியோ விசாரணைக்கு ஒரு பெயர் கேட்டு நச்சரித்தார். பெயர் சொன்னால் அவனுக்கு ஜெயில்தான்.

கண்டுபிடிக்க வழி இருந்தது. சின்னப் பதற்றம் நரம்பு வழியாகத்தான் கண்ணுக்கு வரும். நரம்பில்லாத கண்ணை அது எட்டாது. பெரிய பயமோ ரத்தத்தில் கலந்து வரும். நரம்பை இழந்த கண் அதன் ஒரு துளிக்கே மற்றக் கண்ணைவிட அகலமாக விரிந்துவிடும்.

ஜெபராஜ் முயலுக்குக் கீரை வைத்துக்கொண்டிருந்தான். தமயந்தி எவர்சில்வர் தட்டைத் தரையில் ஓங்கிப் போட்டாள். அவன் துள்ளித் திரும்பினான். இடப்பாவை மட்டும் கருகருவென்று விரிந்திருந்தது.

“கொல்லப் பாத்தியா தமயந்தி?”

“நரம்ப எடுத்துட்ட. இல்லன்னு மட்டும் சொல்லாத.”

“எடுத்துட்டேன். நீ என்னை ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சதுலருந்து, தப்பே பண்ணாம மிஷின் முன்னாடி நின்னாலும் நெஞ்சு அடிச்சுக்குது. ரெண்டு தடவ செவப்பு. இன்னொண்ணு விழுந்தா வேலை போயிரும்.”

“அப்ப வித்தது யாரு?”

“நல்லதம்பி. எனக்கு ஆபரேஷன் பண்ண ஆளே சொன்னான். அந்த மனுஷனுக்கு என்னைக்காவது பாவை விரிஞ்சு பாத்திருக்கியா? பயம் இருந்தாத்தானே விரியும்!”

தமயந்தி கூனிக்குறுகிப் போனாள். அன்று மதியமே விசாரணைக் குழுவின் முன் போய்க் கருவிக்குக் கண்ணைக் கொடுத்தாள். எதிரே நல்லதம்பி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் ஜெபராஜைப் போலவே அவளுக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

“ஜெபராஜ் நிரபராதி. வித்தது இவர்தான்.”

சிவப்பு. “பொய்” என்றது பாவைமானி.

நல்லதம்பி எழுந்து வந்து தன் கண்ணைக் காட்டினார். “நான் விக்கல.” பச்சை.

குழுவினர் தலையை ஆட்டிக்கொண்டார்கள். நல்லதம்பி அவளுக்குத் தண்ணீர் டம்ளரை நீட்டினார்.

“பயப்படாம இன்னொரு தடவ சொல்லும்மா” என்றார்.